அப்பாவின் கந்தோர் மேசை

கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், பழைய இரும்பும் பித்தளையும் வாங்கி விற்கும் கடையொன்றில், உடைந்த தையல் இயந்திரங்களுக்கும் துருவேறிய தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே, தலையில் ஒரு வட்டச் சக்கரமும் இடையில் தடித்த திருகும் அடியில் இரண்டு கனத்த இரும்புத் தட்டுகளுமாக ஒரு பொருள் சாய்ந்து கிடந்ததைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். மழைக்கு ஒதுங்கிய இடந்தான் அது. வாங்கும் உத்தேசம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. "இது என்ன தம்பி?" என்று கடைப் பையனைக் கேட்டேன். "பழம் பிழியிற மெசின் ஐயா, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்றான், சற்றும் தயங்காமல். உள்ளேயிருந்த முதலாளி அதை மறுத்து, புத்தகம் கட்டுகிறவர்கள் பாவித்தது என்று அபிப்பிராயம் சொன்னார். இரண்டும் புத்திசாலித்தனமான ஊகங்களே. எனக்கோ, அந்தச் சக்கரத்தைக் கண்ட மாத்திரத்தில், ஈரக் காகிதமும் ஊதா மையும் மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாசனை, அந்தக் கடையில் அதற்கு எவ்வித நியாயமும் இல்லாதிருந்தும், நாசியில் வந்து ஏறிற்று. இரும்பின் நிறைக்கு விலை பேசி, முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அது கடிதங்களைப் பிரதியெடுக்கும் அழுத்தப்பொறி. நீராவி இயந்திரத்தால் கீர்த்தி பெற்ற ஜேம்ஸ் வாட் என்பவரே, தம் வியாபாரக் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதிவைத்துச் சலித்துப்போய், 1780-இல் அதற்கு உரிமம் பெற்றார். பிரதியெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட மையினால் கடிதத்தை எழுதி, மெல்லிய தாள்களாலான கடிதப் புத்தகத்தில் ஒரு தாளைத் தூரிகையால் பதமாக நனைத்து, மிகுந்த ஈரத்தை ஒற்றியெடுத்து, அடுத்த தாள்கள் நனையாதிருக்க எண்ணெய்த் தாளொன்றைச் செருகி, எழுதிய முகம் ஈரத்தில் படும்படி கடிதத்தை வைத்துப் புத்தகத்தை மூடி, இரும்புத் தட்டுகளுக்கிடையே தள்ளிச் சக்கரத்தைத் திருகினால், மையின் ஒரு பங்கு அந்த மெல்லிய தாளில் இடவலம் மாறிப் பதியும். தாளின் மறுபுறத்திலிருந்து அதை நேராக வாசித்துக்கொள்ளலாம். ஈரம் கூடினால் எழுத்துக் கரைந்துவிடும், குறைந்தால் பதியாது. அந்தப் பதத்தை விரல் நுனியால் அறிகிற வித்தை அப்பாவுக்கு இருந்தது.

அப்பா ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக உத்தியோகம் பார்த்தார். என் பாலியத்தில் தட்டச்சுப் பொறியும் காபன் தாளும் வந்து அந்த அழுத்தப்பொறியை ஏறக்குறைய ஓய்வுபெறச் செய்துவிட்டன என்றாலும், தட்டச்சுப் பொறி பழுதுபார்க்கக் கண்டிப் பட்டணத்துக்குப் போன நாட்களில் பழைய ராஜா மறுபடியும் சிம்மாசனம் ஏறுவார். சக்கரத்தைச் சுற்றும் பதவி எனக்குக் கிடைக்கும். கந்தோர் என்பது உண்மையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஓர் அறையில் துரை வந்தமர்கிற கதிரை. மற்றதில் அப்பாவின் மேசை. அந்த மேசையின் லாச்சியை இழுத்தால், வேலம்பிசின் பசையும் அரக்கும் இறப்பரும் துருவும் சேர்ந்த மணம் குப்பென்று எழும். மலைநாட்டு ஈரத்தில் குண்டூசிகள் ஒரு மழைகாலத்தைத் தாண்டா. எந்தக் கடிதக் கட்டைப் பிரித்தாலும் இடது மூலையில் செம்பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அப்பா அவற்றைப் பார்த்தே, கடிதம் எத்தனை முறை கழற்றப்பட்டு மறுபடி குத்தப்பட்டது, யாருடைய கையிலெல்லாம் போய்வந்தது என்று ஊகித்துச் சொல்லுவார்.

மையைப் பற்றி எழுதும்போது கணக்கப்பிள்ளையின் நாக்கை மறக்கக் கூடாது. மலையில் நின்று பேர் பதிகிறவர்களுக்கு மைக்கூடும் பேனையும் உதவா. ஆகவே காப்பிப் பென்சில் என்ற ஒன்று அவர்கள் காதில் எப்போதும் செருகியிருக்கும். எழுதினால் சாதாரணப் பென்சிலைப் போல் சாம்பல் நிறம். நீர் பட்டால் ஊதாவாக மாறி, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அழியாது. காரீயத்துடன் சாயத்தைக் கலந்து செய்த பொருள் அது. கணக்கைப் பின்னால் ஒருவரும் திருத்திவிடலாகாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு, ஒவ்வொரு பெயருக்கும் முன் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தினால், எங்கள் கணக்கப்பிள்ளைமார் அனைவருக்கும் ஊதா நாக்கைத் தந்திருந்தது. அவர்கள் சிரிக்கும்போது சிறுவர்களாகிய எங்களுக்குச் சற்றுப் பயமாகவே இருக்கும்.

பிற்பாடு கண்டியில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கையில், எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் ஒருவர், ராஜாக்களின் பட்டியலை நாங்கள் கிளிப்பிள்ளைகளாக ஒப்புவித்ததைக் கேட்டு அலுத்தவராக, அடுத்த திங்கட்கிழமை ஒவ்வொருவனும் தன் தகப்பனாருடைய மேசையிலிருந்து அனுமதியோடு ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும் என்று கட்டளையிட்டார். மேசையில்லாத தகப்பனாரை உடையவர்கள் கடையிலிருந்தோ தபாற்கந்தோரிலிருந்தோ கொண்டுவரலாம் என்று அவர் சேர்த்துச் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. பேனை முள், இறப்பர்த் துண்டு, பென்சில், அரக்குக் குச்சி, ரயில் பயணச் சீட்டு என்று பொருள்கள் வந்து குவிந்தன. நான் கொண்டுபோனது ஒரு துருப்பிடித்த குண்டூசி.

ஆசிரியர் அந்தக் குண்டூசியைத்தான் முதலில் எடுத்தார். ஆதம் ஸ்மித் என்ற அறிஞர் 1776-இல் வெளியிட்ட தமது பொருளாதார மகாகிரந்தத்தைத் தங்கச் சுரங்கத்திலிருந்தோ கப்பற்படையிலிருந்தோ தொடங்காமல், குண்டூசித் தொழிற்சாலையிலிருந்து தொடங்கினார் என்றும், கம்பியை இழுப்பது, நிமிர்த்துவது, வெட்டுவது, கூராக்குவது, தலை வைப்பது என்று வேலையைப் பகிர்ந்துகொண்டால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார் என்றும் சொல்லிவிட்டு, "இது உன் அப்பாவின் கந்தோருக்கு வந்து சேருமுன் எத்தனை கை தாண்டியிருக்கும், சொல் பார்ப்போம்" என்று என்னைக் கேட்டார். நான் விழித்தேன். ஆனால் அன்று முதல் குண்டூசியை அலட்சியமாக எறிய எனக்குக் கை வந்ததில்லை.

பிறகு இறப்பரும் பென்சிலும் வந்தன. காகிதத்தில் பென்சில் எழுத்தை அழிக்க அந்தப் பிசின் உதவுகிறதென்று பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி 1770-இல் எழுதிவைத்ததையும், அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து, பிரேசிலின் வித்துக்களிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்த ஏறத்தாழ 2,000 கன்றுகள் 1876-இல் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்ததையும், அப்போது பேராதனைப் பூங்காவின் அதிபராக இருந்த துவெயிட்ஸ் அவற்றை ஏற்றுக்கொள்ள, பெரும்பகுதி ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டதையும் அவர் விவரித்தார். பென்சிலின் உள்ளேயிருக்கும் காரீயமும் இந்த நாட்டில் குருநாகல் பக்கத்துக் கஹட்டகஹவிலும் கேகாலைப் பக்கத்துப் போகலையிலும் மண்ணுக்கடியில் வெட்டியெடுக்கப்படுவதே. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் இலங்கைக் காரீயத்துக்கு நிகர் இருக்கவில்லை. "ஆனால் அதிற் பெரும்பங்கு பென்சிலுக்குப் போகவில்லை, உலோகம் உருக்குகிற மூசைகள் செய்யப் போயிற்று" என்று ஆசிரியர் நிதானமாகச் சேர்த்தார். ஊர்ப் பெருமையை மிகைப்படுத்தக் கூடாதென்ற ஜாக்கிரதை அவருக்கு எப்போதும் உண்டு. எனினும், இறப்பர்ப் பாலும் காரீயமும் இங்கிருந்து மூட்டையாகக் கப்பலேறிப் போய், அழிப்பானாகவும் முத்திரையாகவும் பென்சிலாகவும் உருமாறி, சீமை விலாசம் பொறித்துக்கொண்டு, இங்கேயே விற்பனைக்குத் திரும்பி வந்த விந்தையை, எந்த அரசியல் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு பிரத்தியட்சமாக விளக்கியதில்லை.

அதே ஆசிரியர் மற்றொரு நாள் எங்களைத் தலதா மாளிகை வளவிலுள்ள மகுல் மடுவைக்கு அழைத்துச் சென்று, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களின் கீழ் நிறுத்தினார். 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்ட மண்டபம் அது. ஒப்பமிட்ட பிரதானிகள் யார் யார் என்று அவர் கேட்பார் என எண்ணி, மனப்பாடம் செய்த பெயர்களோடு நாங்கள் ஆயத்தமாக நின்றோம். அவர் கேட்டதோ, "எதனால் ஒப்பமிட்டார்கள்? எதில் ஒப்பமிட்டார்கள்? நின்றா, இருந்தா?" என்பது. ஒருவனுக்கும் விடை தெரியவில்லை. எழுத்தாணியால் ஓலையில் கீறிப் பழகிய ஒரு சமஸ்தானத்தின் உத்தியோக வழக்கங்கள், இறகுப் பேனையும் காகிதமும் அரக்கு முத்திரையுமான வேறொரு ராச்சியத்தின் வழக்கங்களோடு மோதிய நேரம் அது என்பதையும், பிரதானிகளிற் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருப்பதையும் அவர் சொன்னபோது, பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகிற சம்பவம், மை உலரும் வரை காத்திருக்க வேண்டிய ஒரு முழுப் பகற்பொழுதாக எங்கள் கண்முன் நீண்டது.

இந்த விதமான ஆராய்ச்சியைப் பரிகாசம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. ஹென்றி பெற்றோஸ்கி என்ற அமெரிக்கப் பொறியியற் பேராசிரியர் பென்சிலின் சரித்திரத்தை மாத்திரம் தடித்த புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று நான் சொன்னபோது, என் நண்பர் ஒருவர், "வேலையற்றவர்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்தார். ஆனால் சிறு பொருள்களை யாரும் ஆராயாமல் விட்டால் அவற்றைப் பற்றிய கட்டுக்கதைகளே சரித்திரமாகிவிடும். காகிதங்களைக் கோக்கும் கிளிப்பைக் கண்டுபிடித்தவர் யோஹான் வாலர் என்ற நோர்வேக்காரர் என்று அந்நாட்டவர் வெகுகாலம் நம்பி, அதைத் தேசியப் பெருமையாகவே கொண்டாடினார்கள். 1999-இல் தபால் முத்திரையும் வெளியிட்டார்கள். வாலர் உரிமம் பெற்றது வேறு வடிவம். முத்திரையில் அச்சிடப்பட்டதோ, நாம் அனைவரும் பாவிக்கிற, அவருக்குச் சம்பந்தமேயில்லாத ஜெம் வடிவம். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில் நோர்வே மக்கள் கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்டு தங்கள் ஒற்றுமையைக் காட்டியது மட்டும் மெய்யான சரித்திரம்; அந்தப் பெருமைக்கு வாலரின் தயவு தேவையில்லை.

எங்கள் மலைகளுக்குத் திரும்புகிறேன். ஹேவாஹெட்டைக்கு அருகே லூல்கந்துரவில் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்திலிருந்த தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதங்கள் அந்நாட்டுத் தேசிய நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்த அதே வருஷத்தில் தேயிலையும் வேரூன்றிய கதையை, அவர் உண்ட உணவு முதல் அவருடைய கோபதாபம் வரை, அக்கடிதங்களை வைத்து எழுதிவிடலாம். ஹந்தானையில் 1925-இல் கட்டிய பழைய தொழிற்சாலையை நூதனசாலையாக்கியிருக்கிறார்கள். தேயிலை அரைத்த, காயவைத்த, சலித்த யந்திரங்களை அங்கே வரிசையாகக் காணலாம். அந்த யந்திரங்களுக்குக் கொழுந்து கொண்டுவந்து கொட்டியவர்கள் கடிதம் எழுதியவர்களல்லர். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களே உண்டு. அவர்கள் எழுதிய காகிதங்கள் அபூர்வம். ஆகையால் அவர்களுடைய சரித்திரத்தை அறிய விரும்புகிறவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கந்தோர் மேசைக்குத்தான் வந்து சேரவேண்டும்.

அந்த மேசையின் மத்தியில் வீற்றிருந்தது செக்ரோல் என்ற பேர்ப் பதிவேடு. விடியுமுன் தப்பொலி கேட்டுப் பிரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கூடுவார்கள், பெயர்கள் வாசிக்கப்படும், மலை பிரிக்கப்படும். மாலையில் அப்பா, விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, கணக்கப்பிள்ளைமாரின் பொக்கெட் செக்ரோல்களிலிருந்து பெரிய செக்ரோலுக்குப் பெயர்களை ஏற்றுவார். ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர். மழையால் இடையில் நின்றாலும், பறித்த கொழுந்து இத்தனை றாத்தல் என்று விதித்த நிறைக்குக் குறைந்தாலும் அரைப் பேர். மாதக் கடைசியில் பேரைக் கூட்டி, அரிசிக்கும் கம்பளிக்கும் முன்பணத்துக்கும் கழித்து, மிச்சத்தைச் சிவப்பு மையில் எழுதுவார். அந்தச் சிவப்பு எழுத்தைத் தலைகீழாக நின்று வாசிக்கப் பழகிய கங்காணிமார் உண்டு. மேசைக்கு மறுபுறத்தில் நிற்பவர்களுக்கு அது அவசியமான கல்வி.

செக்ரோலுக்கும் முந்திய காகிதமொன்றைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். துண்டு என்று அதற்குப் பெயர். இன்ன தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்க்கிற தோட்டத்துக்கு இவரை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு அது. அது கையில் இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் வேலையில்லை. அது பெரிய கங்காணியின் கையில் இருந்தாலோ, மனிதனும் அவர் கையில் இருந்தான். 1921-இல் சட்டத்தினால் அதை ஒழித்தார்கள். ஆயினும் எங்கள் வாயிலிருந்து அது போகவில்லை; கடனில் மூழ்கினவனைக் கண்டால் ‘துண்டு விழுந்தவன்’ என்று கேலி பேசியவர்களை என் செவியாலேயே கேட்டிருக்கிறேன்.

அதைவிடச் சிறிய பொருளொன்றை என் கையில் வாங்கிப் பார்த்ததுண்டு. லயத்தின் கோடிக் காம்பராவில் ஒரு பாட்டி இருந்தார். அம்மாவுக்குப் பிரசவ காலத்தில் உதவியவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மதிப்பு. ஒருநாள் வெற்றிலைக்காகச் சுருக்குப்பையை அவிழ்த்தபோது, பாக்கோடு பாக்காக ஒரு தகர வில்லை உருண்டு விழுந்தது. நடுவே துளை, சுற்றிலும் எழுத்தும் இலக்கமும் பொறித்திருந்தன. "என்ன பாட்டி இது?" என்றேன். "எங்கப்பன் கழுத்துல கட்டியிருந்தது சாமி. இந்த நம்பரைப் பார்த்துத்தான் எந்தத் தோட்டம்னு இறக்கிவிடுவாங்களாம்" என்றார். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பும்போது, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர டிக்கட்டைக் கயிற்றில் கோத்து அணிவித்து, வழிச் செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கும் ஏற்பாடு இருந்தது. சாமான்களுக்கு ஒட்டும் சீட்டு மனிதருக்குக் கழுத்தணியாயிற்று. பாட்டி அதைத் துடைத்து, ஒரு தாயத்துக்குரிய சிரத்தையோடு பைக்குள் திரும்ப வைத்தார்.

நான் சிறுவனாயிருந்தபோது, இவ்வகைக் காகிதங்களும் தகரங்களும் திடீரென்று உயிர்நிலையான வஸ்துக்களாக மாறின. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தவர்களுக்கு, அடுத்த வருஷத்து இந்திய பாகிஸ்தானியர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. மணமானவர்கள் 1946 ஜனவரி முதல் தேதிக்கு முந்திய 7 வருஷங்களும் மற்றவர்கள் 10 வருஷங்களும் இடையறாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும்; விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. எதைக் கொண்டு நிரூபிப்பது? நிலவுறுதி இல்லை, வரிப் பற்றுச்சீட்டு இல்லை. இருப்பது செக்ரோலில் பெயர் ஒன்றே. அப்பாவின் மேசைக்கு முன்னால் மாலை நேரங்களில் வரிசை நின்றது. பழைய செக்ரோல்களை மரப்பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்தபோது, சில கட்டுகளைக் கறையான் முந்திக்கொண்டிருந்தது. அழியாமல் இருந்தவற்றிலும் ‘மாரியாயி’ ஓரிடத்திலும் ‘மாரியம்மாள்’ வேறோரிடத்திலும் என்று பெயர்கள் பேதப்பட்டன. ஒரு கிளாக்கரின் அவசரக் கையெழுத்து, ஒரு குடும்பத்தின் தேசத்தைத் தீர்மானிக்கும் சாட்சியாக நின்றது. நாடெங்கும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போயிற்று. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. அந்த மாதங்களில் அப்பா இராப்போசனத்தின்போது ஒன்றும் பேசமாட்டார்.

நானும் மேசை உத்தியோகத்துக்கே வந்தேன். திருகோணமலை வீதியில் ஒரு மாடியில், விசைகளைத் தகர மூடியால் மறைத்துவைத்துத் தட்டச்சுக் கற்பித்தார்கள். கீழே கடைத்தெருவின் இரைச்சல் கேளாதபடி மேலே எங்கள் இரைச்சல் இருந்தது. கண்டியில் ஒரு வர்த்தக ஸ்தாபனத்தில் இலிகிதனாக அமர்ந்த பிறகு, மாலையில் ஒரு மனு எழுதுபவரின் கடையில் உதவிக்குப் போவேன். 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்ட பின், கண்டியிலிருந்த உதவி இந்தியத் தூதுவராலயத்துக்கு அதிகாலைக் கோச்சியிலும் பஸ்ஸிலும் வந்திறங்கிய ஜனங்களுக்குப் பாரங்கள் நிரப்புகிற வேலை எங்களுக்கு ஓயவில்லை. காபன் தாளை மாற்ற மனமில்லாமல் கடைக்காரர் அதை வெளுக்கும்வரை பாவிப்பார். மூன்றாம் பிரதியில் பெயர் நிழலாகவே விழும்.

அந்தக் கடையில் நான் மறக்கவொண்ணாதது சுவர். ஒப்பமிடத் தெரியாதவர்கள் மைப்பஞ்சில் பெருவிரலை ஒற்றிப் பாரத்தில் அழுத்துவார்கள். பிறகு அந்த மையை எங்கே துடைப்பது என்று ஒரு கணம் தயங்கி, பெண்கள் தலைமுடியிலும் ஆண்கள் சுவரிலும் துடைத்துக்கொள்வார்கள். கதிரைக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில், ஊதாவும் கறுப்புமாக நூற்றுக்கணக்கான விரல்கள் ஒன்றன்மேலொன்று படிந்திருந்தன. வருஷந்தோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் சித்திரைக்குள் மறுபடி நிறைந்துவிடும். பாஸ்போட் கிடைத்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். அதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதக்கூடியது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

அந்த நாட்களில்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியும் என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயா பக்கம் உத்தியோகத்துக்குப் போன ஆர். முத்தையா, நமது இருநூற்றுச் சொச்சம் எழுத்துக்களை ஆங்கிலப் பொறியின் விசைகளுக்குள் அடக்க வழி கண்டவர். புள்ளியும் விசிறியும் விழுகிற விசைகளை மட்டும் வண்டி நகராதபடி அமைத்து, ஒரே இடத்தில் இரண்டு அடியில் ஓர் எழுத்தை உருவாக்கினார். வேகமாக அடிப்பவனுக்கு அந்த நகராத விசை ஒரு தாளகதியைக் கொடுக்கும். அறையின் மறுபுறத்திலிருந்தே ஒலியைக் கேட்டு, அடிக்கப்படுவது தமிழா ஆங்கிலமா என்று சொல்லிவிடலாம்.

1972-இல் தொடங்கி 1975-இல் கம்பனித் தோட்டங்கள் வரை அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது, அப்பா ஓய்வு பெற்று எங்களோடு வந்திருந்தார். கைமாற்றத்தில் கதிரை எத்தனை, மேசை எத்தனை, தராசு எத்தனை என்று ஒன்றுவிடாமல் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். பழைய கடிதப் புத்தகங்களையும் செக்ரோல்களையும் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு தோட்டத்தில் அவற்றை வண்டியிலேற்றித் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கே அனுப்பிவிட்டார்கள் என்று, வந்திருந்த ஓர் இளைய கிளாக்கர் வேடிக்கையாகச் சொன்னார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஓய்வு பெறும்போது, கழிக்கப்பட்ட சில பொக்கெட் செக்ரோல்களை அவர் ஏன் கேட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

அந்தப் பெட்டிக்கு இவ்வளவு காலம் கழித்து ஒரு வாசகி கிடைத்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. பாட்டனார் பாட்டியார் எல்லாம் தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில் கொழுந்தெடுத்தவர்கள். சனிக்கிழமைகளில் வந்து, கையுறை போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படமெடுப்பாள். அப்பாவின் சுருக்கெழுத்துக்களை நான் அவிழ்ப்பேன், அவள் குறித்துக்கொள்வாள். அழுத்தப்பொறியைப் பார்த்ததும் பழரச யந்திரம் என்று சொல்லாமல், "இதுக்குள்ள புத்தகம் வைப்பாங்களா ஐயா?" என்று கேட்ட ஒரே ஆத்மா அவள்தான்.

சென்ற சனிக்கிழமை அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மூன்று வருஷத்துப் புத்தகங்களில், மார்ச் மாதத்தில் மட்டும், ஒரு குறிப்பிட்ட நாளுக்கு எதிரே சில பெயர்களுக்குப் பக்கத்தில் மெல்லிய பென்சில் புள்ளி. அதே பெயர்களுக்கே, பின்வந்த ஞாயிறுகளிலும் புள்ளி. காய்ச்சலா என்றாள்; காய்ச்சலுக்கு அப்பா வேறு எழுத்து வைத்திருந்தார். கங்காணியிடம் பட்ட கடனா என்றாள். அதற்குச் சிவப்பு மை உண்டு. சற்றுத் தயங்கிவிட்டு, "சங்கத்துல சேர்ந்தவங்களை யாரும் இப்பிடிக் குறிச்சு வச்சு துரைமாருக்குக் கொடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டாள். அப்படி நடந்த தோட்டங்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் அவள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் மேசையை நான் இத்தனை காலமும் இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் அவளை வரச்சொல்லி, அக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் மண்வெட்டியோடு தொடங்கிப் பின்னர் கணக்கப்பிள்ளையாக உயர்ந்து, இன்று தொண்ணூறைத் தொட்டிருக்கும் ஒரு பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். காது கொஞ்சம் மந்தம். தேதிகளையும் பெயர்களையும் உரக்க வாசித்தேன். மறுமுனையில் மௌனம், பிறகு ஒரு நீண்ட சிரிப்பு.

"அது காமன் கூத்துக்காரங்க சின்னையா! மாசியில விடிய விடிய ஆடி, மன்மதனை எரிச்சுட்டு வந்து படுத்தா, எவன் பிரட்டுக்கு எந்திரிப்பான்? துரை லீவு தரமாட்டான். ஐயா முழுப் பேர் போட்டுருவாரு. ‘ஞாயித்துக்கிழமை வந்து கவ்வாத்து வெட்டிக் கழிச்சிரணும்டா’ன்னு சொல்லுவாரு. அதுக்குத்தான் புள்ளி. வெளிய தெரிஞ்சா அவரு வேலையே போயிரும்."

அந்தப் பிள்ளை காதை என் தொலைபேசியருகே கொண்டுவந்து, வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். "ரதி வேஷம் யார் கட்டினாங்கன்னு கேளுங்க ஐயா" என்று மெல்லச் சொன்னாள். கேட்டேன். பெரியவர் இருமினார், தண்ணீர் குடித்தார், பேச்சை மழையின் பக்கம் திருப்பப் பார்த்தார். நான் விடவில்லை.

"மேலேயிருந்து மூணாவது புள்ளி யாரு பேருக்குன்னு பாருங்களேன்" என்றார்.

பார்த்தோம். அவருடைய பெயர்தான். அவள் மற்ற இரண்டு வருஷத்துப் புத்தகங்களையும் புரட்டிச் சரிபார்த்தாள். மூன்று மாசியிலும் ரதி அவரே.